மலை ரோட்டுக்கு ஏற்ற சைலன்சர்: முதல்முறை மாற்றுகிறவர்களுக்கு

என்னுடைய முதல் கார் 1300 சிசி கொரோலா. வாங்கி இரண்டே மாதத்தில் அதன் சைலன்சரைக் கழற்றி, நடுவிலிருந்து பின்பக்கம் வரை இரண்டரை அங்குல பைப் போட்டு, முனையில் வாளி மாதிரி வாய் அகன்ற ஒன்றை மாட்டினேன். ஹட்டன் டவுனில் நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தபோது அருமையாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, தங்கை, இரண்டு மூட்டைச் சாமானோடு தலவாக்கலையிலிருந்து ரதல்ல குறுக்குப் பாதையால் நானுஓயாவுக்கு ஏறினேன். முன்பெல்லாம் இரண்டாம் கியரில் ஏறிய வளைவில் வண்டி திணறி முதல் கியர் கேட்டது. இரவு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, திரும்பினால் நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன. விடியற்காலை ஸ்டோர் வேலைக்காக நேரத்தோடு படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியப்பா கதவைத் திறந்து, "என்னா தம்பி, கார்ல வந்தியா, ஹெலிகொப்டர்ல வந்தியா?" என்று கேட்டார்.

ஆறு மாதம் கழித்து அதைக் கழற்றி, அளவான ஒன்றை நானே மாட்டினேன். அதற்குப் பிறகு நண்பர்களுடைய வண்டிகள் சிலவற்றுக்கும் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எதற்காக மாற்றுகிறீர்கள்?

முதலில் இதற்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். பழைய சைலன்சர் உக்கி ஓட்டை விழுந்துவிட்டது என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் கனமான, நல்ல சத்தம் வேண்டும் என்றால் அதுவும் நியாயமான ஆசைதான். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்த எந்த இளைஞனுக்கும் அந்த ஆசை வரும். ஆனால் "பிக்கப் கூடும்" என்பதற்காக மட்டும் மாற்றுவதாக இருந்தால் காசை வீட்டில் வைத்திருங்கள். டர்போ இல்லாத சின்ன எஞ்சினில் பின்பக்கச் சைலன்சரை மட்டும் மாற்றினால் கிடைக்கும் கூடுதல் சக்தி ஓட்டும்போது தெரியாத அளவுதான்.

கொழும்பில் நன்றாக ஓடிய வண்டி இங்கே வந்ததும் சோர்ந்து போகிறது என்று பலர் சைலன்சரைக் குறை சொல்வார்கள். காரணம் காற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்தால் சக்தியும் அதே அளவுக்குக் குறையும். எந்தச் சைலன்சரும் அதைத் திருப்பித் தராது. ஆனால் பிழையான சைலன்சர் மிச்சம் இருப்பதிலும் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும், எனக்கு நடந்த மாதிரி.

வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?

கடைக்காரர் ஒருவர் சைலன்சர் என்பார், இன்னொருவர் மஃப்ளர் என்பார். இரண்டும் ஒன்றுதான். எஞ்சினிலிருந்து புகை வெளியே வரும் வழியில் முதலில் எல்லாச் சிலிண்டர் புகையையும் ஒன்றாகச் சேர்க்கும் மெனிஃபோல்ட், அடுத்து புகையின் நச்சைக் குறைக்கும் கன்வேர்ட்டர், நடுவில் ரெசனேட்டர் என்கிற சின்னப் பெட்டி, கடைசியில் பெரிய பெட்டி. நாம் தொடப் போவது அந்தக் கடைசிப் பெட்டியை மட்டும்.

கன்வேர்ட்டரைத் தொடாதீர்கள். "அதை எடுத்துவிட்டால் வண்டி பறக்கும்" என்று கராஜில் யாராவது சொன்னால், கழற்றிய கன்வேர்ட்டர் யாரிடம் போகும் என்று கேட்டுப் பாருங்கள். அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது. பழைய கன்வேர்ட்டருக்கு நல்ல விலை உண்டு. அது இல்லாவிட்டால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள், டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும்.

பழையதைப் பரிசோதித்தல்

எஞ்சின் ஆறிய பிறகு ஒரு ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், உக்கியது தொப்பென்று கேட்கும். உள்ளே ஏதோ கலகலவென்று உருண்டால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டது என்று அர்த்தம். பெட்டியைத் தாங்கும் ரப்பர்களை இழுத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அதையும் வாங்கும் பட்டியலில் சேருங்கள்.

பெட்டியின் அடிப்பக்கம் குண்டூசி அளவில் ஒரு துளை இருந்து, அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள். தண்ணீர் வெளியேறத் தொழிற்சாலையிலேயே போட்ட துளை அது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. குளிர்ந்த பெட்டிக்குள் அந்த ஆவி தண்ணீராகித் தேங்கும். சமவெளியில் நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு அது சூட்டில் காய்ந்துவிடும். நாமோ டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்குப் போய், மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்புகிற ஆட்கள். பெட்டி சூடாவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். அதனால்தான் மலைநாட்டுச் சைலன்சர்கள் உள்ளிருந்தே உக்குகின்றன. ஹைபிரிட் வண்டிகளில் எஞ்சின் நின்று நின்று ஓடுவதால் இது இன்னும் கூடுதல். வெளியே சேறும் மழையும் செய்யும் வேலை தனி. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் ஓடும் வண்டிகளைப் பார்த்தால் தெரியும்.

அளவெடுத்தல்

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். விட்டம் அளக்கும் வேர்னியர் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தையல் நூல் போதும். பைப்பைச் சுற்றி நூலைப் பிடித்து, அந்த நீளத்தை 3.14 ஆல் வகுங்கள். நூல் 135 மில்லிமீட்டர் வந்தால் பைப்பின் வெளி விட்டம் 43 மில்லிமீட்டர், அதாவது 1.7 அங்குலம். பெட்டியின் நீளம், அகலம், உயரம், பைப் உள்ளே நுழைவது நடுவிலா ஓரத்திலா, வெளியே வருவது எந்தப் பக்கம், தாங்கிக் கம்பிகள் எங்கே என்று ஒரு தாளில் படம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். பெட்டிக்கும் பம்பருக்கும், பெட்டிக்கும் பெற்றோல் டாங்கிக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பாருங்கள். குறைந்தது ஓர் அங்குலமாவது வேண்டும். டாங்கிப் பக்கம் அதைவிடக் கூட இருந்தால் நல்லது.

தரையிலிருந்து உயரத்தையும் குறியுங்கள். தோட்டத்து ரோட்டில் நடுவே மேடும் இரண்டு பக்கமும் பள்ளமுமாக இருக்கும். பழைய பெட்டியைவிடக் கீழே தொங்குகிற எதையும் வாங்காதீர்கள். முதல் கல்லிலேயே அதன் விலை தெரிந்துவிடும்.

எதை வாங்குவது

உள்ளமைப்பைப் பொறுத்து மூன்று வகை உண்டு. முதலாவது, உள்ளே அறை அறையாகத் தடுத்தது. கம்பெனி வண்டிகளில் வருவது பெரும்பாலும் இதுதான். சத்தத்தை நன்றாக அடக்கும். இரண்டாவது, புகை உள்ளே வளைந்து திரும்பி வரும் வகை. கொஞ்சம் கனத்த சத்தம் வரும், ஆனால் கத்தாது. மூன்றாவது, நேர்க் குழாய். துளை போட்ட பைப் ஒன்று நேராகப் போகும், அதைச் சுற்றிக் கண்ணாடி நாரோ ஸ்டீல் நாரோ அடைத்திருக்கும். இளைஞர்கள் தேடுவது இதைத்தான். புதிதில் நன்றாக இருக்கும். விலை குறைந்ததை வாங்கினால் நார் எரிந்தும் ஈரத்தில் கட்டியாகியும் போய், சத்தம் மாதத்துக்கு மாதம் ஏறும்.

எங்கள் ரோட்டுக்கு இரண்டாவது வகையைத்தான் நான் சொல்வேன். நேர்க் குழாய்தான் வேண்டும் என்றால் நீளமான பெட்டி உள்ளதாகப் பாருங்கள், நடுவில் உள்ள ரெசனேட்டரை எடுக்காதீர்கள். அதை எடுத்தால் நிமிடத்துக்கு 2000, 2500 சுற்றில் காருக்குள் "ம்ம்ம்" என்று ஓர் அலறல் வரும். சமவெளியில் அந்தச் சுற்றைத் தாண்டிப் போய்விடலாம். நாம் கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை அதே சுற்றில்தான் ஏறுகிறோம். பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி வந்துவிடும்.

பைப்பின் பருமன் விஷயத்தில் என்னுடைய பிழையைச் செய்யாதீர்கள். புகை எஞ்சினிலிருந்து ஒரே சீராக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. அளவான பைப்பில் அது வேகமாகப் போகும்போது ஒரு துடிப்பு அடுத்ததை இழுத்துக்கொண்டு போகும். பைப் அகன்றால் வேகம் குறைந்து, அந்த இழுப்பும் குறையும். அதிகச் சுற்றில் ஓடும் ரேஸ் வண்டிக்கு அகன்ற பைப் சரி. குறைந்த சுற்றில் சுமையோடு ஏறுகிற நமக்கு அது நஷ்டம். "பைப்பில் எதிரழுத்தம் இருந்தால்தான் வண்டி இழுக்கும்" என்று சிலர் சொல்வதும் சரியில்லை. தேவைப்படுவது அடைப்பு இல்லை, வேகம். ஆயிரம் சிசிக்குக் குறைந்த ஆல்டோ மாதிரி வண்டிகளுக்குக் கம்பெனி அளவையே வையுங்கள். 1300, 1500 சிசி வண்டிகளுக்குக் கம்பெனி அளவு, மிஞ்சினால் கால் அங்குலம் கூட.

இனி உலோகம். சாதாரண இரும்புப் பெட்டி விலை குறைவு, ஆனால் இங்கத்தைய ஈரத்தில் நாள் தாங்காது. அலுமினியம் பூசிய இரும்பு பரவாயில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. அதிலும் 409 என்ற வகை மேலே துருப்பிடிக்கும், ஆனால் எளிதில் ஓட்டை விழாது. 304 பளபளப்பாகவே இருக்கும், விலை கூட. கடையில் பார்க்கும்போது ஒரு சின்னக் காந்தத்தைக் கையோடு கொண்டு போங்கள். 409 காந்தத்தை நன்றாகப் பிடிக்கும், 304 கிட்டத்தட்டப் பிடிக்காது. 304 விலை சொல்லிவிட்டுக் காந்தம் டக்கென்று ஒட்டினால் கடைக்காரரின் முகத்தைப் பாருங்கள்.

சாமான் தேடிக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் விடியற்காலை பஸ்ஸைப் பிடிப்பது நல்லது. நாலு கடை ஏறி இறங்கத்தான் வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் சைலன்சர்களில் நல்லவை உண்டு. அவற்றில் சிலவற்றில் ஜாஸ்மா என்ற சின்னத் தகடு ஒட்டியிருக்கும். ஜப்பானிய மஃப்ளர் தயாரிப்பாளர் சங்கத்தின் அடையாளம் அது. ரோட்டில் ஓட்டத் தகுந்த சத்த அளவுக்குள் செய்தது என்று பொருள். எச்கேஎஸ் என்ற ஜப்பானிய கம்பெனியின் பெயரை வெட்டி ஒட்டிய போலிகளும் அதே கடை வரிசையில்தான் தொங்கும். வெல்டிங் தையல் ஒழுங்காக இருக்கிறதா, உள்ளே கையை விட்டால் கூர்முனை தட்டுகிறதா என்று பாருங்கள். பெட்டியைக் குலுக்கிச் சத்தம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை

சத்தத்தை அடக்கும் சைலன்சர் இல்லாமல் வண்டி ரோட்டில் ஓடக்கூடாது. 2025 தொடக்கத்தில் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தோடு பொலிஸார் மேலதிகப் பொருத்துகளை எல்லாம் கழற்றச் சொன்னது நினைவிருக்கும். புகைச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது. பெற்றோல் வண்டிக்கு அங்கே காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஹைட்ரோகாபனையும் அளக்கிறார்கள். இணைப்பில் ஒழுக்கு இருந்தால் வெளிக்காற்று கலந்து கணக்கே பிழைத்துவிடும்.

கழற்றும் நாள்

முதல் நாள் மாலையே எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். காலையில் இன்னொரு முறை. இதைச் செய்யாமல் நேரே ஸ்பேனரைப் போட்டால் போல்ட் உடையும், அன்றைய வேலை அதோடு முடியும்.

அடுத்தது சமதரை. மலைநாட்டில் இதைத் தேடுவதே பாதி வேலை. எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் கோயில் முற்றம் ஒன்றுதான் சமம். அங்கே எண்ணெய் சிந்த முடியாது என்பதால் நான் கடைவீதியில் ஒரு நண்பரின் கராஜுக்குப் போவேன். சரிவில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். சைலன்சர் இருப்பது பின்னால், அதனால் நீங்கள் தூக்கப் போவதும் பின் சக்கரங்களை. அவை தரையை விட்டு எழும்பியதும் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தால் முதல் கியரிலோ, ஆட்டோ என்றால் பார்க்கிலோ விடுங்கள். பிறகு ஜக்கால் தூக்கி, இரண்டு பக்கமும் ஜக் ஸ்டாண்ட் வைத்து, வண்டியை அதன் மேல் இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. செங்கல், மரக்குற்றி வேண்டாம். செங்கல் சொல்லாமல் உடையும்.

கண்ணாடி போடுங்கள். மேலே இருந்து உதிரும் துரு கண்ணில் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கையுறையும் தேவை.

பெட்டி முன்பைப்போடு சேருமிடத்தில் பெரும்பாலும் இரண்டு ஸ்பிரிங் போல்ட் இருக்கும். அவற்றைக் கழற்றுங்கள். நடுவில் உள்ள வளையம் போன்ற கேஸ்கட்டை மறுபடி போட நினைக்காதீர்கள், புதிதே போடுங்கள். பிறகு ரப்பர்கள். சவர்க்காரத் தண்ணீர் தடவி, தடித்த ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கழன்று வரும். எண்ணெய் தடவினால் ரப்பர் கெட்டுவிடும். கடைசி ரப்பரைக் கழற்றும்போது ஒருவர் பெட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளட்டும். பார்ப்பதைவிட அது கனம்.

நட்டு அசையவே மறுத்தால் நெருப்புக் காட்டலாம் என்பார்கள். டாங்கிக்குப் பக்கத்தில் அதைச் செய்ய வேண்டாம். கட்டரால் வெட்டி எடுத்துப் புது போல்ட் போடுவது பாதுகாப்பு.

மாட்டுதல்

உங்கள் வண்டிக்கென்றே செய்த பெட்டி என்றால் போல்ட் போட்டால் முடிந்தது. பொதுவான பெட்டி என்றால் பைப்பை வெட்டி இணைக்க வேண்டும். ஒரு பைப்புக்குள் மற்றது குறைந்தது ஒன்றரை அங்குலம் நுழையட்டும். யூ கிளாம்ப் பைப்பை நசுக்கிப் பிடிக்கும், பிறகு கழற்றுவது கஷ்டம். பட்டையாகச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் கொஞ்சம் விலை கூட, ஆனால் அதைத்தான் வாங்குங்கள்.

புதியவர்கள் செய்யும் பிழை, முதல் இணைப்பையே இறுக்கிவிடுவது. அப்படிச் செய்தால் பெட்டி கோணலாக நிற்கும், ரப்பர் ஒரு பக்கம் இழுபடும், மேட்டில் ஏறும்போது பம்பரில் தட்டும். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டுங்கள். எழுந்து பின்னால் நாலடி தள்ளி நின்று நேராக இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்த் துளை கீழ்ப்பக்கம் இருக்கிறதா? பைப் முனை பம்பரைத் தாண்டி வெளியே வருகிறதா? அப்புறம் எஞ்சின் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்பக்கமாக ஒவ்வொன்றாக இறுக்குங்கள்.

வெல்டிங் செய்வதாக இருந்தால் வெல்டிங் பாஸிடம் சில விஷயங்களைச் சொல்லத் தயங்க வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிய பிறகுதான் வெல்டிங். வண்டியில் வைத்து இரண்டு மூன்று இடத்தில் புள்ளி மட்டும் வைத்து, கழற்றிக் கீழே வைத்து முழுதாக ஒட்டுவது நல்லது. ஸ்டெயின்லெஸ்ஸைச் சாதாரண இரும்புப் பைப்போடு ஒட்டும்போது 309 என்ற வகை வெல்டிங் கம்பி வேண்டும். சாதாரணக் கம்பியால் ஒட்டினால் அந்தத் தையலிலேயே துரு தொடங்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் துத்தநாகம் பூசிய பைப்பைக் கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சூட்டில் அதிலிருந்து வரும் புகை நஞ்சு, அவருக்கும் ஆகாது.

ஒழுக்குப் பரிசோதனை

இதை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒவ்வோர் இணைப்பிலும் சவர்க்கார நுரை தடவுங்கள். கையுறையோடு ஒரு துணியால் பைப் முனையை ஓரிரு நொடி அடைத்தால் ஒழுக்குள்ள இடத்தில் குமிழி வரும், "ஸ்ஸ்" என்று கேட்கும். திறந்த வெளியில்தான் இதைச் செய்ய வேண்டும், மூடிய கராஜுக்குள் வேண்டாம். பனி இறங்கியதும் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு ஓட்டுவது நம் பழக்கம். அடியில் ஒழுகும் காபன் மொனொக்சைட் உள்ளே வந்தால் மணமும் தெரியாது, நிறமும் தெரியாது. தலைவலி, தூக்கம், அப்புறம் மயக்கம். பிள்ளைகள் பின்சீட்டில் தூங்குகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகையும் எண்ணெய் கருகும் மணமும் வரும். பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணெய்தான் எரிகிறது, அரை மணி நேரத்தில் நின்றுவிடும். டவுனைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் ஊரில் மிகச் செங்குத்தான ஏற்றத்தில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறிப் பாருங்கள். இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிச் சத்தம் வந்தால் இணைப்பில் எங்கோ காற்று உள்ளே போகிறது, திரும்ப நுரை தடவிப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை ஆறவிட்டு எல்லாக் கிளாம்பையும் மறுபடி ஒரு முறை இறுக்குங்கள். சூட்டில் விரிந்து சுருங்கி அவை கட்டாயம் தளர்ந்திருக்கும்.

வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் உள்ளே தேங்கிய தண்ணீர் காயும். கழற்றிய பழைய பெட்டி முற்றாக உக்கவில்லை என்றால் பழைய இரும்புக்காரனுக்குப் போடாமல், அடுத்த புகைப் பரிசோதனை முடியும் வரை கோழிக்கூட்டுக்குப் பின்னாலாவது வைத்திருங்கள். என்னுடையது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அந்த இரண்டரை அங்குல பைப்பை வெட்டிப் பெரியப்பா கொடிக் கம்பாக நட்டிருக்கிறார், துணி நன்றாகக் காய்கிறது.